ஐஸ் கம்பெனியில் உப்புக் கணக்கு

மரக்காணம் உப்பளத்தில் உப்புத் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கிற ஹைட்ரோமீட்டர் ஐஸ் கம்பெனியிலும் உண்டு. அங்கே பாத்தித் தண்ணீர் 25 டிகிரியை நெருங்கினால் உப்பு இறங்கும். இங்கே தொட்டியின் உப்புத் தண்ணீரை 20, 21 டிகிரியிலேயே நிறுத்திவைக்க வேண்டும். ஐடிஐயில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு இந்தக் கடற்கரையில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பழகச் சேர்ந்தபோது கம்ப்ரசரைத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஆபரேட்டர் அண்ணன் கொடுத்தது இந்தக் கண்ணாடிக் குழாயை.

அமோனியா சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தேவையான சூட்டைச் சுருள் குழாயைச் சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரிலிருந்து, அதாவது பிரைனிலிருந்து, உறிஞ்சிக்கொள்ளும். மைனஸ் 10 வரை போயும் உறையாத அந்தப் பிரைனில்தான் ஐஸாக உறைய வேண்டிய தண்ணீர் நிரப்பிய கேன்கள் நிற்கின்றன. உப்பு குறைந்தால் சுருள்மேலேயே பனி கட்டி, கேனுக்குக் குளிர் போகாது. 23 சதவீதத்தைத் தாண்டினால் குளிரில் உப்பு பிரிந்து தொட்டியடியில் படியும். கேனில் தண்ணீர் பிடிக்கும்போது சிந்துவதெல்லாம் பிரைனை நீர்க்கச் செய்வதால் அடிக்கடி உப்பு சேர்க்க வேண்டும். "மூட்டைய அப்படியே கொட்டாத தம்பி, சேறும் சேந்து போவும்" என்பார் அண்ணன். தனி டிரம்மில் கரைத்து, தெளியவிட்டு, வடிகட்டித்தான் ஊற்றுவோம். நடுவில் உறையாமல் கொழகொழவென்று ஒரு ஐஸ் பார் வந்தால் அந்தக் கேனில் ஓட்டை, பிரைன் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

அடுத்தது எண்ணெய். கம்ப்ரசர் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய்விடும். திரவ அமோனியாவைவிட அது கனம் என்பதால் அடியில் தங்கி, சுருளின் உட்புறத்தில் படலம் போடும். அதை வடிக்க முகமூடி, கையுறை, பக்கத்தில் ஓடும் தண்ணீர், கூட ஒரு ஆள் வேண்டும். வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகிறவனை அண்ணன் மறுநாள் வேலைக்குச் சேர்க்க மாட்டார். அது நியாயம்தான்.

கண்டென்சரில் காற்று சேர்ந்தால் ஹெட் பிரஷர் ஏறும், கரண்டு பில்லும் ஏறும். காற்றை வெளியேற்றும் குழாயின் முனையை வாளித் தண்ணீரில் முக்கி வால்வை லேசாகத் திறப்போம். அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும், காற்று குமிழியாக மேலே வரும். குமிழி நின்று தண்ணீர் படபடக்கத் தொடங்கினால் வால்வை மூட வேண்டும். நான் பார்த்த வேலைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும், ஐஸ் கேட்பவர்கள் குறைவார்கள். கம்ப்ரசரைப் பிரித்து ரிங், வால்வு பிளேட், ஷாஃப்ட் சீல் பார்ப்பது அப்போதுதான். உப்புக் காற்றில் துருவேறிய குழாய்களைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதும் அப்போதே. கந்தகக் குச்சியைக் கொளுத்தி இணைப்புகளின் பக்கம் காட்டுவோம். வெண்புகை எழுந்த இடத்தில் கசிவு.

தொட்டிக்குள் மூழ்கிய சுருளுக்குக் குச்சி உதவாது. பிரைனை பினாப்தலீன் தாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். எப்போதும் நிறம் மாறாத தாள் திடீரென்று கடும் ரோஸாக மாறினால் அமோனியா கலந்திருக்கலாம். ஐஸ் ஸ்கேட்டிங் அரங்குகள் பலவற்றிலும் இதே அமோனியாதான், தரைக்கடியில் ஓடும் பிரைனில் மட்டும் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு இருக்கும். கனடாவின் ஃபெர்னி ஊர் அரங்கில் 2017 அக்டோபர் 17 அன்று, பிரைனைக் குளிர்விக்கும் சில்லரின் அரித்துப்போன குழாய் வழியே பிரைனில் கலந்த அமோனியா வெளியேறி மூன்று பேர் இறந்தார்கள். அந்தச் சில்லர் கசிகிறது என்பது சில மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் ஓட்டினார்கள்.

தடைக்காலத்தில் பெயின்டுக்குச் செலவு செய்யும் ஐஸ் கம்பெனி முதலாளிகள் பிரைன் பரிசோதனைக்கும் சுருளின் தடிமனை அளப்பதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். கசிந்த சுருளை இந்த ஒரு சீசன் மட்டும் என்று ஓட்டாதீர்கள்.