வவுணதீவும் ஆரல் மீனும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே செல்வோர் வவுணதீவை அடைவர். வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் ஞாயிற்றின் செலவைக் கொண்டே பெயரிட்டழைப்பது இந்நாட்டு வழக்கம். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அவ்வாவி உவர்நீர் கலந்தது. ஆனால் பாலத்தைத் தாண்டிச் சிறிது தொலைவு நடந்தாலோ வயலும் வாய்க்காலும் எதிர்ப்படும். அப்பால் உன்னிச்சைக் குளம். உவர்நீருக்கும் நன்னீருக்கும் இடையே நிற்கின்றது வவுணதீவு.

மட்டுநகர் என்றதும் பாடும் மீனைப் பற்றிப் பேசாதார் இலர். பாடாத மீன் ஒன்றைப் பற்றியும் சிறிது பேசுவோம். அதுவே ஆரல். பாம்புபோல் நீண்ட உடலும், கூரிய மூக்கும், முதுகில் வரிசையாய் நிற்கும் சிறு முட்களும் உடையது. விலாங்கு போலத் தோன்றினும் விலாங்கினத்தைச் சேர்ந்ததன்று. சங்கப் புலவருக்கும் இது பழக்கமான மீனே. குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டிலே, தலைவியின் களவு மணத்துக்குச் சான்றாய் நின்ற ஒரே உயிர் ஓடுநீரில் ஆரலைப் பார்த்துக் காத்திருந்த குருகு எனக் கபிலர் பாடினார். நல்ல சாட்சிதான்! அதன் கண் ஆரலின் மேலன்றோ இருந்தது.

நீர்ச்செடிகளுடன் மீன்தொட்டி வைத்திருக்கும் மாணவர் சிலர், பிற மீன்களோடு ஓர் ஆரலையும் விடலாமா என என்னிடம் கேட்பதுண்டு. விடலாம், ஆனால் வலையை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குச் செல்ல வேண்டாம் என்பதே என் முதல் விடை. ஈழத்துக்கே உரிய ஆரல் ஒன்று உண்டு. ஐந்து கண்கள் என்று பொருள்படும் ‘பென்டொப்தால்மொஸ்’ என்பது அதன் அறிவியற் பெயர். 1980 ஆம் ஆண்டளவு வரை தாழ்நில நீர்நிலைகளில் பரவலாய் வாழ்ந்த அம்மீன், பின்னர் காண்பதற்கரிதாகிவிட்டது. ரோகன் பெத்தியாகொடவும் அவருடன் ஆய்ந்தோரும் 2008 இல் வெளியிட்ட கட்டுரையிலே இவ்வீழ்ச்சியை ஒரு புதிராகவே குறித்தனர். காரணமே விளங்காமல் அருகிவரும் உயிரை விளையாட்டாகப் பிடித்துக் கண்ணாடிக்குள் அடைப்பது தகுமோ?

ஆகவே கடையிலேதான் வாங்கவேண்டும். அங்கே விரலளவு குட்டியாய், முதுகில் வண்டிச்சில்லின் தடம்போன்ற கோலத்தோடு, மலிவாய்க் கிடைப்பது பேராரல். அழகில் மயங்கி வாங்கினால் அது 90 சென்ரிமீற்றர் வரை வளரவல்லது! செந்நிறக் கோடுகளுடைய ‘ஃபயர் ஈல்’ ஒரு மீற்றரையும் எட்டும். மயிற்கண் புள்ளிகளையுடைய ‘பீக்கொக் ஈல்’ 30 சென்ரிமீற்றர் அளவில் நின்றுவிடும். நான்கடித் தொட்டி உடையோர் அதனை எண்ணலாம். மூன்றடித் தொட்டிக்கு 20 சென்ரிமீற்றரளவில் அடங்கும் அரைப்பட்டை ஆரலே பொருத்தமென்பது என் கருத்து.

தெரிந்தெடுக்கும்போது கடைக்காரரிடம் புழுவொன்றைப் போடச் சொல்லுங்கள். மூக்கை அசைத்து மோப்பம் பிடித்துத் தின்னும் மீனே வேண்டும். வயிறு ஒட்டியதும், மூக்கு தேய்ந்ததும், தோலில் வெண்படலம் படர்ந்ததும் வேண்டா. மணலிற் புதைந்து கிடப்பது நோயன்று. அது அதன் குணம்.

அக்குணமே தொட்டியின் அமைப்பையும் தீர்மானிக்கின்றது. கூரிய பரல் மென்தோலைக் கிழித்துப் புண்ணாக்கும். ஆதலால் நுண்மணல் வேண்டும். புதிதாய் நட்ட செடிகளை ஆரல் இரவோடிரவாகப் பெயர்த்துவிடும். நம் நாட்டுக் கிரிப்டோகொரைன் செடிகளைச் சிறு சட்டியில் வைத்து வேரூன்றவிடுவது நன்று. அவை மங்கிய ஒளியிலும் வளர்வன, ஆரலும் மங்கிய ஒளியையே நாடுவது. வாய்க்குள் அடங்கும் சிறுமீன்கள் காலையில் எண்ணிக்கை குறைந்து காணப்படலாம். ஆதலால் கௌராமி போன்ற சற்றே பெரிய, சாதுவான துணைகளைச் சேர்க்க. செப்பு கலந்த மருந்துகள் இதற்கு ஆகா. மூடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் போதும், மறுநாள் மீன் தரையிற் காய்ந்து கிடக்கும்.

வளர்க்க இயலாமற் போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். உன்னிச்சைக் குளத்தில் விடுவது அருளன்று. அலங்கார மீனாய் வந்த ‘கத்தி மீன்’ தொட்டிகளிலிருந்து வெளியேறி இலங்கை நீர்நிலைகளிற் பெருகிவிட்டதை அறிவோம்.

உணவுக்கு மண்புழுவே சிறந்தது. வவுணதீவில் அதற்குக் குறைவில்லை. ஆயினும் பீடைகொல்லி தெளித்த வயற்புழு கூடாது. வீட்டுக் கோடியில், வாழையடியிலே தோண்டியெடுத்து, கழுவி, சிறிதாய் நறுக்கி, விளக்கை அணைத்தபின் இடுக.