கோதை வினவிய வெண்சங்கு

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியெங்கும் கரிசல் காடுகளும் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுமே கண்ணில் படும். இடையே திருத்தங்கல் குன்றில் நின்ற நாராயணப் பெருமாள் திவ்ய தேசமாக எழுந்தருளியிருக்கிறார். சிவகாசிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். கடல் காணாத இவ்வூரில்தான் கோதை நாச்சியார், கடலில் பிறந்த சங்கை முன்னிலைப்படுத்திப் பத்துப் பாசுரங்கள் அருளினாள். நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழி அது.

கண்ணனின் திருவாய் எப்படி மணக்கும், எப்படிச் சுவைக்கும் என்று அவள் கேட்பது பாஞ்சசன்னியத்திடம்தான். உப்புக் கடலில் பிறந்து, அசுரன் உடலில் வளர்ந்த சங்கு, எம்பெருமானின் திருக்கையில் குடியேறிவிட்டது. பிறப்பு எதுவாயினும் அடைந்த இடமே பெருமை என்னும் பொருள் அதில் அடங்கியிருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் மணற்படுகையில் புழுக்களைத் தின்று வாழும் ஒரு நத்தையின் ஓடே நாம் பூசிக்கும் சங்கு. குஞ்சாக இருக்கும்போதே அதற்குச் சிற்றோடு உண்டு. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு அதைச் சுற்றுச் சுற்றாக வளர்த்துக்கொள்கிறது. மேலே படர்ந்த பழுப்புத் தோலை நீக்கினால்தான் வெண்மை தெரியும். தூத்துக்குடிச் சங்குக் குளிப்பில், அளவில் சிறிய சங்குகளை மீண்டும் கடலிலேயே விட்டுவிடும் விதி இருந்தது. வளர வேண்டிய உயிருக்கு வாழ்வளிப்பதும் அறமன்றோ!

இச்சங்குகளில் ஏறக்குறைய அனைத்தும் இடம்புரியே. ஊதும் முனை மேலிருக்க, வாயை நம் பக்கம் திருப்பினால் அது வலப்புறம் திறக்கும். இடப்புறம் திறந்தால் வலம்புரி. அது மிக அரிது. அந்த அருமையே ஏமாற்றுக்கும் வழிவகுக்கிறது. அமெரிக்கக் கடல்களில் இயல்பாகவே அவ்வாறு சுழலும் வேறொரு நத்தையின் ஓடு, வலம்புரி என்ற பெயரில் பெருந்தொகைக்கு விற்கப்படுவதுண்டு. உண்மைச் சங்கின் வாயினுள், நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தெளிவாகத் தெரியும்; அயல் ஓட்டில் அவை இரா. வாங்குமுன் விரலால் தடவிப் பார்ப்பது நலம்.

ஆயினும் இல்லத்துப் பூசைக்கு வலம்புரிதான் வேண்டும் என்பதில்லை. கடன்பட்டு வாங்கும் வலம்புரியைவிட, நாள்தோறும் தூய நீர் நிரப்பித் துளசியிட்டு வைக்கும் எளிய இடம்புரியே மேலானது. ஆடிப்பூரத் தேரைத் தரிசிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் அன்பர்கள், ஆண்டாள் சன்னதியில் அப்பத்துப் பாசுரங்களையும் ஒருமுறை ஓதி வரலாம்.