மணியின் முழங்கால்

நாய் வளர்ப்பவர்களைப் பற்றி நாய் வளர்க்காதவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு: மூளையில் ஏதோ ஒரு மரை கழன்றவர்கள் என்று. பத்து வருஷத்துக்கு முன்பு நானும் அந்தக் கட்சிதான். அப்போது என் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். போகும்போது, தான் வாங்கி வைத்திருந்த லாப்ரடார் குட்டியை, "ரெண்டே ரெண்டு மாசம் பாத்துக்குங்கப்பா" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அந்த இரண்டு மாசம் இன்னும் முடியவில்லை. குட்டி மட்டும் வளர்ந்து 34 கிலோ ஆயிற்று.

மணிக்கு ஓர் உட்காரும் தோரணை உண்டு. மற்ற நாய்களைப்போலக் காலை மடித்து ஒழுங்காக உட்கார மாட்டான். இடது பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி, திண்ணையில் சாய்ந்த மிராசுதார் மாதிரி உட்காருவான். அந்தத் தோரணையை வைத்து நான் ஒரு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரைகூட எழுதினேன். நாலைந்து வாசகர்கள் சிரித்ததாகக் கடிதம் போட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மாதம். மழை விட்டிருந்த காலை நேரம். கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெருச்சாளியைக் கண்டு மணி பாய்ந்தான். 'கீச்' என்று ஒரே ஒரு சத்தம். பெருச்சாளி போய்விட்டது. மணி மூன்று காலில் திரும்பி வந்தான்.

சுளுக்கு என்றேன் நான். முள் என்றாள் என் மனைவி. தைலம் தடவலாம் என்றாள் அம்மா. நாங்கள் இருப்பது மாம்பலத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடி, லிப்டு கிடையாது. அன்று அவனைப் படியேற்றி வீட்டுக்குள் கொண்டுபோவதற்குள் எனக்கும் வாட்ச்மேனுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

டாக்டர் வேப்பேரியில் படித்தவர். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. அதில் படித்தவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மணிக்கு ஊசி போட்டு மயங்க வைத்து, தொடை எலும்பை ஒரு கையாலும் கீழ்க்கால் எலும்பை மறு கையாலும் பிடித்து முன்னால் இழுத்துக் காட்டினார். மேஜை டிராயர் திறந்துகொள்வதுபோல் கால் முன்னே நகர்ந்தது. அப்படி நகரக் கூடாதாம். அந்த இரண்டு எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் குறுக்கு நார் அறுந்துவிட்டது என்றார். நார் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதும், எலும்பின் ஓரங்களில் வாதம் ஆரம்பித்திருப்பதும் படத்தில் தெரிந்தன.

"பெருச்சாளிதானே டாக்டர் காரணம்?" என்றேன்.

"பெருச்சாளி பாவம் சார். நாய்களுக்கு இந்த நார் ஒரே நாளில் அறுவது அபூர்வம். கிணற்றுக் கயிறு மாதிரி மாசக்கணக்காக இழை இழையாக நைந்துகொண்டே வரும். கடைசி இழைதான் அன்றைக்கு அறுந்தது. முன்னாடியே உட்காரும்போது காலைப் பக்கவாட்டில் நீட்டியிருப்பானே? முழங்காலை மடக்கினால் வலிக்கும், அதனால்தான்."

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கட்டுரைக்குப் பத்திரிகைக்காரர் எனக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார்.

அப்புறம் டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். மனிதனின் கீழ்க்கால் எலும்பின் தலை ஏறக்குறைய சமதரை. நாய்க்கோ அது சுமார் 25 டிகிரி சரிவு. நாய் காலை ஊன்றும்போதெல்லாம் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கிறது. வழுக்காமல் பிடித்திருப்பது இந்த நார்தான். மேட்டில் நிறுத்திய பார வண்டியைக் கயிறு கட்டிப் பிடித்திருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு போய்விட்டது, வண்டியின் பாரமோ 34 கிலோ.

இதற்கு மூன்று வழி. மூட்டுக்கு வெளியே உறுதியான நைலான் நரம்பைக் கட்டி, அறுந்த கயிற்றின் வேலையை அதை வாங்கச் செய்வது ஒன்று. சிறிய நாய்க்கு அது போதும். மணியைப் போன்ற தடியனுக்கு அது நிற்குமா என்பது சந்தேகம். இரண்டாவது, பார்க்லே ஸ்லோகம் என்ற அமெரிக்க வைத்தியர் 1993-இல் விவரித்து எழுதியது. அதில் கயிற்றைப் பற்றியே கவலைப்படுவதில்லை. எலும்பின் தலையை வளைவாக அறுத்து, சுழற்றி, சரிவை 5 டிகிரிக்குக் கொண்டுவந்து தகடும் திருகாணியும் வைத்து முடுக்கிவிடுகிறார்கள். மேடே இல்லாத இடத்தில் வண்டிக்குக் கயிறு எதற்கு? இந்த யோசனையைக் கேட்டபோது, மணியின் நிலைமையை மறந்து ஒரு கணம் நான் பிரமித்துப்போனேன்.

மூன்றாவது, கத்தியே வைக்காமல் இருப்பது. எடையைக் குறைத்து, வலிக்கு மருந்து கொடுத்து, வாரக்கணக்கில் ஓடாமல் தாண்டாமல் கட்டிவைப்பது. (அந்த மருந்தின் பெயர் மெலாக்ஸிகாம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால் 2006-இல் நம் நாட்டில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக வந்தது இது. மணியின் முழங்காலுக்கும் கழுகுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டார்கள்!)

எலும்பை அறுக்கும் ஆபரேஷனுக்கு ஒரு லட்சத்துக்குமேல் ஆகும் என்றார். என் இரண்டு நாவல்களின் மூன்று வருஷ ராயல்டி அது.

அன்றிரவு புள்ளிவிவரங்களில் மூழ்கினேன். 1984-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆபரேஷன் இல்லாமலே 15 கிலோ வரையுள்ள நாய்களில் 100-க்கு 86 தேறியிருந்தன. பெரிய நாய்களில் 100-க்கு 19தான். சரி, ஆபரேஷன்தான் என்று நிம்மதியாகப் படுக்கப்போகுமுன் 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு கண்ணில் பட்டது. அவர்கள் 40 பருமனான நாய்களை எடுத்துக்கொண்டு, எடையைக் குறைத்துத் தேகப்பயிற்சியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து, ஆபரேஷன் ஆனவற்றில் 100-க்கு 75-ம், ஆகாதவற்றில் 64-ம் தேறின. தூக்கம் போயிற்று.

காலையில் குடும்பம் கூடியது. மனைவி ஆபரேஷன் கட்சி. ஊரிலிருந்து போனில் பேசிய அண்ணா, "நாய்க்கு லட்ச ரூபாயா? அந்தக் காசுக்கு நாலு நாய் வாங்கலாமேடா" என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்த நாலு நாயில் எதுவும் மணி இல்லையே என்பதை அண்ணாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மாவுக்கு 84 வயது. அவளுக்கும் முழங்கால் தகராறு உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் மூட்டு மாற்றலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவள்தான் கேட்டாள்:

"என்னைக் கேட்டே, நான் வேண்டாம்னேன். விட்டுட்டே. அவனைக் கேட்டியா?"

"அவனை எப்படிம்மா கேக்கறது?"

"அதான் சொல்றேன். கேக்க முடியாதவனுக்கு நீ பண்ணப்போறே. யோசிச்சுப் பண்ணு." கொஞ்சம் பொறுத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "தினமும் ரெண்டு நெய் இட்லி அவனுக்கு நான்தான் போட்டேன்" என்றாள்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். மூன்றாவது இட்லி என்னுடையது.

மறுபடி டாக்டரிடம் போய், எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

"என் நாய்க்கு ஆபரேஷன் செய்தேன். ஆனால் என் வீடு தரைத்தளம் சார்."

கத்தி வைத்தாலும் எட்டு வாரம் அவன் படியேறக் கூடாது. வைக்காவிட்டாலும் படியேறக் கூடாது. ஆக, முதல் பிரச்னை ஸ்லோகமும் அல்ல, ராயல்டியும் அல்ல, நாற்பது படிகள். அப்போது மணி எழுந்து நின்றான். அவன் காலை வைத்தபோது முழங்காலிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்து மடங்குவதாக இருக்கலாம், அப்படியானால் உள்ளே போய்ச் சரிசெய்தாலொழிய வலி விடாது என்றார் டாக்டர்.

அந்தச் சத்தம்தான் தீர்மானித்தது என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அதில் பாதி உண்மை. மறு பாதி அந்த ஆயிரம் ரூபாய்க் கட்டுரை.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம். குருத்தெலும்பு கிழிந்துதான் இருந்தது. கீழ்த்தளத்து மாமி தன் கார் ஷெட்டை ஒழித்துக் கொடுத்தாள். எட்டு வாரம் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு நானும் அங்கேயே படுத்தேன். முதல் வாரம் இரவெல்லாம் முனகினான். அப்போதெல்லாம், கேட்க முடியாதவனுக்கு நீ பண்ணிவிட்டாய் என்று கொசுக்கள்கூட என் காதில் சொல்வதுபோல் இருந்தது. மூன்றாம் வாரம் கால் தரையைத் தொட்டது. ஆறாம் வாரம் தெருமுனை வரை நடந்தான். அம்மா மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன் முழங்காலோடு, நாளுக்கு ஒரு தடவை இறங்கி வந்து அவனைப் பார்த்துப் போவாள். இட்லி கொண்டுவரவில்லை. இப்போது மணி 28 கிலோ.

ஒரு காலில் நார் அறுந்த நாய்களில் ஏறக்குறையப் பாதிக்குப் பின்னால் மறு காலிலும் அறுகிறது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, அவன் எப்படி உட்காருகிறான் என்று கவனிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு வருஷமாக ஒழுங்காகத்தான் உட்காருகிறான்.

இன்று காலை வலது காலைக் கொஞ்சம் அகட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். எழுந்து போய்விட்டான். அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவர் எடுக்கவில்லை.