யானை வரும் காட்டோரம்... 'டிக்' சொல்லும் வேலி!

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை சாலையில் போகிறீர்கள். கம்பெனி பஸ்களின் கூட்டம் குறைந்து, இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி வந்தால் சானமாவு வந்துவிட்டது என்று அர்த்தம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால், மார்கழியில் காலை எட்டு மணிக்கும் பனி விலகாது. டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஓடும். பேச்சு மட்டும் ஒன்றுதான். யானை, ஏனுகு, ஆனெ... எந்த மொழியில் கேட்டாலும், "நேத்து ராத்திரி எந்தப் பக்கம் போச்சு?"

ராகி அறுவடைக் காலம் நெருங்கினால், கர்நாடகாவின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து யானைகள் கிளம்பிவிடும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம் என்று காடு காடாகத் தாண்டி சானமாவுக்கு வந்து சேரும். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். காட்டில் நாள் முழுக்க அலைந்து தேடுவதை, முற்றிய ராகி வயலில் ஒரே ராத்திரியில் முடித்துக்கொள்ளலாம். யானையின் கணக்கில் தப்பே இல்லை. நான்கு மாத உழைப்பை இழக்கிற விவசாயியின் கணக்குதான் உதைக்கிறது.

அதனால்தான் காட்டோர நிலங்களைச் சுற்றி சோலார் வேலி. நான்கைந்து கம்பிகள், மூலையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரி, ஃபியூஸ், எனர்ஜைசர். பக்கத்தில் காது வைத்தால் நொடிக்கு ஒரு முறை 'டிக்' என்று கேட்கும். ஒவ்வொரு 'டிக்'கிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் கம்பியில் பாய்கிறது. ஆனால், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். யானை சுளீரென்று துள்ளித் திரும்பும், சாகாது.

வீட்டுக் கரன்டு அப்படியல்ல. 230 வோல்ட் விடாமல் பாயும். தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடும். 2023 மார்ச் 7-ல் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்கள் இப்படிச் செத்த செய்தியும் நமக்குப் புதிதல்ல.

சோலார் வேலி வேலை செய்யாத ராத்திரியில்தான் அந்தத் திருட்டுக் கம்பி மீது ஆசை வருகிறது. ஆகவே, பெட்டியைச் சரியாக வைத்திருப்பது பெரிய விஷயம்.

இந்த ஊர்ப்பக்கம் வேலி ரிப்பேர் பார்க்கும் ஒருவர் முதலில் காதைத்தான் நம்புகிறார். 'டிக்' கேட்கவில்லையா? கோளாறு பெட்டிக்குள். கேட்கிறது, ஆனாலும் யானை உள்ளே வந்ததா? கோளாறு வெளியே.

பெட்டிக்குள் என்றால் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். வெயில் ஏறும் முன் மீட்டர் வைக்க வேண்டும். பேனல் சார்ஜ் ஏற்றும்போது பார்த்தால் செத்த பேட்டரியும் நல்ல பிள்ளை போலக் காட்டும். 12.6 இருந்தால் நிறைவு. 12-க்குக் கீழே என்றால் ராத்திரியைத் தாங்காது.

அடுத்தது ஃபியூஸ். கடலோரத்தில் பழைய விசைப்படகுகளின் ஃபியூஸ் பலகையை உப்புக்காற்று அரிப்பது போல, இங்கே பனி ஈரம் அரிக்கிறது. ஃபியூஸ் கண்ணுக்கு முழுசாகத் தெரியும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் பச்சைப் பூப்பு. எனர்ஜைசர் ஓடும்போதே ஃபியூஸின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் குட்டு வெளிப்படும். அநேகமாக பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட் காட்டினால், அங்கேயே மின்சாரம் வீணாகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும். உருகிய ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பியை முறுக்கி வைப்பது மட்டும் வேண்டாம். அடுத்த கோளாறில் ஃபியூஸுக்குப் பதில் ஒயரே எரியும்.

வெளியே இருக்கும் கோளாறுதான் ஆளைச் சுற்ற வைக்கும். பெட்டியை அணைத்து, வேலியைப் பாதியில் பிரித்து, பிறகு மறுபடி போட்டு எந்தப் பாதி சரி என்று பார்க்க வேண்டும். கெட்ட பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் வேலியும் ஐந்தாறு தடவையில் சுருங்கிவிடும். அங்கே உண்ணிச்செடி கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் இன்சுலேட்டர் விரிசல் விட்டிருக்கும். இந்த வேலைக்கு வேலி டெஸ்டர்தான் வேண்டும். சாதாரண மல்டிமீட்டரைக் கம்பியில் வைத்தால் மீட்டர் போய்விடும்.

மாசி, பங்குனியில் இன்னொரு வேடிக்கை. பெட்டி சரி, கம்பி சரி, ஷாக் மட்டும் இல்லை! காரணம் மண். கம்பியிலிருந்து யானை உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும் மின்சாரம், எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் சுற்று முடியும். காய்ந்த மண் வழிவிடாது. எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் வேலிக்கு மறுபடி உயிர் வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் யானை யானைதான். தந்தத்தில் ஷாக் ஏறாது என்று தெரிந்துகொண்ட ஆண் யானைகள் தந்தத்தால் கம்பியை அறுக்கும். மரத்தைத் தள்ளி வேலி மேல் சாய்த்துவிட்டு நிதானமாகத் தாண்டும். வேலி போடும் நாளில் போட்டோ எடுக்க நாலு பேர் வருகிறார்கள். ஃபியூஸ் போன நாளில் யாரும் வருவதில்லை. புது வேலிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஊருக்கு ஒரு இளைஞருக்கு இந்த ரிப்பேர் வேலையைச் சொல்லிக்கொடுக்கச் செலவிடலாம். 2023-ல் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகளைக் கொண்டுவந்தது. விதி பெட்டியின் தரத்தைப் பார்க்கும். பனியில் பூத்த கிளிப்பை யாராவது ஒருவர் போய்த்தான் தேய்க்க வேண்டும்.

சானமாவுக்குப் போகிறவர்களுக்கு: காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். மாலை மங்கிய பிறகு சாலையோரம் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள். யானை நடமாட்டம் இருக்கிறதா என்று டீக்கடையிலேயே கேட்டால் சொல்லிவிடுவார்கள். வயல் ஓரத்தில் 'டிக்' சத்தம் கேட்டால், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.