பழையதா, புதியதா?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டி, "ஜப்பான் தேசத்தில் ஈஸே என்னும் க்ஷேத்திரத்திலுள்ள ஆலயம் இது, 1,300 வருஷத்துப் பழமை" என்று சற்றுப் பெருமையாகவே சொல்லிவிட்டோம். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மரம் புத்தம் புதிதாக இருக்கிறதே, ஸார்!" என்றான். நல்ல வேளை, மணி அடித்தது, நாம் தப்பினோம்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினோம். பையன் சொன்னது முற்றும் சரி. ஸூரிய தேவியாகிய அமதெராஸுவின் உள் ஆலயமும், உணவளிக்கும் தேவியின் வெளி ஆலயமும் ஹினோகி மரத்தால் ஆனவை. தூண்களுக்கு அடிக்கல் கிடையாது. மண்ணில் நேராக நட்டுவிடுகிறார்கள். கூரையோ புல். எத்தனை மழைக்குத் தாங்கும்? ஆகையால் 20 வருஷத்துக்கு ஒரு முறை, பக்கத்தில் காலியாக விட்டிருக்கும் மனையில், அதே மாதிரியில் புதிதாகக் கட்டி, இரவு நேரத்தில் தேவியை எழுந்தருளச் செய்கிறார்கள். பிறகு பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690-ஆம் வருஷம் ஜிதோ பேரரசியின் காலத்தில் ஆரம்பித்த இவ்வழக்கம் 2013-இல் 62-வது தடவை நடந்தது. 2033-இல் நடக்க வேண்டியதற்கு 2025-லேயே சடங்குகள் தொடங்கிவிட்டன.

இருபது வயதில் உளி எடுத்துக் கொடுத்தவன் நாற்பதில் தானே முன்னின்று செய்யலாம்; அறுபதில் பிறர் வேலையை மேற்பார்க்கலாம். நாற்பதைக் கடந்த உபாத்தியாயராகிய நமக்கு இந்தக் கணக்குச் சற்றே உறுத்திற்று. நம்மிடம் படித்தவர்களில் எத்தனை பேர் உபாத்தியாயர் ஆனார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு கைவிரல்களே போதுமாயிருந்தன.

இவ்வழக்கம் ஒரு முறைகூடத் தவறியதில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. உள்நாட்டுக் கலகங்களால் 1462-க்குப் பின் 1585 வரை உள் ஆலயம் புதுப்பிக்கப்படவே இல்லை. 123 வருஷம்! முன்பு கட்டிய கை ஒன்றுகூட மிஞ்சியிராது. பெரும் பிரபுக்கள் பிற்பாடு பொருள் தந்தார்கள். ஆனால் முதலில் ஊர் ஊராகப் பணம் திரட்டி 1563-இல் வெளி ஆலயத்தை எழுப்பச் செய்தவர் ஸெய்ஜுன் என்ற பெண் துறவி. அதுவும் பௌத்தத் துறவி! அவர் வழிவந்த ஷூயோ உள் ஆலயத்துக்காக உழைத்தார். இந்த இடைவெளியில் கட்டட அமைப்பில் சில அம்சங்கள் மாறிப் போயின என்று ஆராய்ச்சியாளர் கூறுகிறார்கள். மாறினால் என்ன? தவறாமல் நடந்த வருஷங்களைவிட, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்த அந்த இரு பெண்மணிகளே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறார்கள்.

இன்னொரு தடவையும் தவணை தப்பியது. யுத்தத்தில் தோற்ற ஜப்பானியர் 1949-இல் செய்ய வேண்டியதை 1953-க்குத் தள்ளிப்போட்டார்கள். இருந்தும், ஆலயத்துக்குச் செல்லும் ஊஜி பாலத்தை மட்டுமாவது 1949-இலேயே புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

மறு வாரம் வகுப்பில் நம் பிழையை ஒப்புக்கொண்டு இவ்வளவையும் சொன்னோம். பையன் விடுகிறவனா? "பிரித்த பழைய மரம் என்ன ஆகும், ஸார்?"

இந்தத் தடவை தயாராகப் போயிருந்தோம். முகட்டைத் தாங்கிய பெருந்தூண்களை இழைத்து, ஊஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயில்களாக நிறுத்துவார்கள். 20 வருஷம் கழித்து அவை பழைய ராஜபாட்டையிலுள்ள ஸெகி, குவானா என்ற ஊர்களுக்குப் போய் அங்கேயும் 20 வருஷம் வாயிலாக நிற்கும் என்றோம்.

பையன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டு, "அறுபது" என்று சொல்லி உட்கார்ந்தான்.