தீர்மானப் புத்தகம் வந்த வழி

நீலகிரியின் 35 கிராம ஊராட்சிகளிலும் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கும் முன்பே இருந்தவை. 2022இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. ஊராட்சி ஒன்றியத்திலிருந்து பற்றாளராக ஓர் அலுவலர் வருவார். ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசிப்பார். பிறகு குடிநீர், எரியாத தெருவிளக்கு, மழையில் சரிந்த தடுப்புச் சுவர், குப்பையைத் தேடி வரும் காட்டெருமை என்று பேச்சு வளரும். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். வந்தவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். திங்கள்தோறும் உதகை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப்படும் மனு தனி ஆளுடையது. அதன் கதியை அதிகாரி முடிவு செய்கிறார். தீர்மானமோ ஊர் முழுவதன் பெயரில் நிற்கிறது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும் அந்தச் சபையின் முன் வந்தாக வேண்டும்.

இந்த வழக்கத்தின் வேரைத் தேடும் எவரும் முதலில் உத்திரமேரூர்க் கல்வெட்டிடம்தான் போவார்கள். நானும் அங்கிருந்தே தொடங்கினேன். ஆனால் அதிலுள்ள குடவோலை விதிகள் சபைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியவை. நிலமும் வேதக்கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். தெருவில் குடியிருப்பவரின் குறையைக் கேட்கும் ஏற்பாட்டை அதில் காண முடியாது. மலையிலேயே அதற்கு நெருக்கமானது ஹட்டி எனப்படும் படகர் ஊர்களின் ஊர்க்கூட்டம். தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என்ற நான்கு சீமைகளிலும் ஊர்க் கவுடர் முன்னிலையில் வழக்கும் ஊர்ப் பொதுக்காரியமும் பேசப்பட்டன. ஹட்டிக்குள் அது வலுவானது. ஹட்டிக்கு வெளியே இருந்தவர்களுக்கு அங்கே பேச இடமில்லை.

நகரங்களின் கதை வேறு. 1865இல் சென்னை மாகாணம் இயற்றிய நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1866இல் உதகையும் குன்னூரும் நகராட்சிகளாயின. அப்போதைய நகராட்சி உறுப்பினர்களை அரசே நியமித்தது. உதகை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் வேறு. அங்கே யாருடைய தேவை முதலில் கேட்கப்பட்டிருக்கும் என்பது தெளிவு. 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும் 1884ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமும் தேர்தலுக்கு இடம் தந்தபோதும், வாக்கு வரி கட்டுவோரிடமே இருந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை விடுதலைக்குப் பிறகே வந்தது. ஆயினும் ஒரு முறை வாக்களித்துவிட்டு ஐந்தாண்டு காத்திருப்பதே முறையாக இருந்தது. கிராமங்களில், இடையில் கேள்வி கேட்கும் உரிமைக்கு அரசமைப்புச் சட்டத்தின் பின்பலம் கிடைத்தது 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தால். அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் பிறந்தது. இன்றைய தீர்மானப் புத்தகத்தின் நேரடித் தாய் அதுதான்.

அந்தப் புத்தகம் மிகத் தாமதமாக எட்டிய இடம் தேயிலைத் தோட்டம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கழிப்பறை, மருத்துவம் அனைத்தையும் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. நல்ல நோக்கம்தான்; ஆனால் தொழிலாளரின் லைன் வீட்டில் குழாய் உடைந்தால் குறை மேஸ்திரியிடமும் மேனேஜரிடமும் போயிற்று, ஊராட்சியிடம் போகவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தர அரசே டேன்டீ என்ற தன் நிறுவனத்தின் வழியே தோட்டங்களை நடத்தியபோதும், வேலை தந்தவரே வீட்டுக்காரராகவும் இருந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் அந்தத் தொழிலாளி கிராம சபையின் உறுப்பினர். ஆனாலும் ஊராட்சி அவர் வாசலுக்குக் குழாய் போட வேண்டுமென்றால் நிலம் தோட்டத்தினுடையது.

இன்னொரு தடை நாள்காட்டியில் இருக்கிறது. பழைய சபை நாள்கள் நான்கும், 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி கூலியோடு விடுமுறை கிடைக்கும் நாள்கள். கொழுந்து பறிக்கும் பெண் கூலி இழக்காமல் சபைக்கு வரலாம். மார்ச் 22க்கும் நவம்பர் 1க்கும் அந்தச் சலுகை இல்லை; அன்று வேலைநாளாக இருந்தால் சபைக்கு வருவது கூலியை விட்டுவிட்டு வருவது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் கூட வேண்டும் என்பது விதி. தோட்டம் சூழ்ந்த ஊராட்சிகளில் சபை நேரத்தை மாலைக்குத் தள்ளினாலே பெரிய உதவியாக இருக்கும்.

நகரவாசிக்கு இத்தகைய சபை வர இன்னும் காலம் பிடித்தது. 74ஆவது திருத்தம் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள ஊர்களுக்கு மட்டும். 2011 கணக்கெடுப்பில் உதகையின் மக்கள்தொகை 88,430. குன்னூரின் அளவு அதில் ஏறத்தாழ பாதி. இந்த வரம்பைத் தாண்டி, மாநில அரசு சிறு நகரங்களுக்கும் வார்டு குழுவையும், வார்டின் பகுதிகளில் மக்கள் கூடும் பகுதி சபையையும் நீட்டித்தது. 2022 நவம்பர் 1 அன்று தமிழகம் முழுவதும் முதல் பகுதி சபைகள் கூடின. மார்லிமந்து, பார்சன்ஸ்வேலி அணைகளின் தண்ணீர் தன் தெருவுக்கு எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்று உதகைவாசி தன் வார்டிலேயே கேட்க வழி பிறந்தது.

காட்டோரக் குடியிருப்புகளுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தனிச் சபை தந்தது. ஊராட்சி அளவில் கூடும்போது பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினர் சிறுபான்மை. தங்கள் குடியிருப்பில் கூடும்போது அவர்களே சபை. அந்தச் சபையில் வன உரிமைக் கோரிக்கை தொடங்குகிறது.

கேட்டது என்ன ஆயிற்று என்று திருப்பிச் சொல்வதுதான் இன்னும் வலுப்பெறாத பகுதி. 1990களின் நடுவில் பெங்களூரில் சாமுவேல் பால் தொடங்கிய குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை, குடிநீர், மின்சாரம் போன்ற சேவைகளுக்கு மக்களே மதிப்பெண் போட்டு வெளியிடும் முறை. அடுத்தடுத்து எடுத்த அட்டைகளை ஒப்பிட்டு எந்தத் துறை திருந்தியது என்று பார்க்க முடிந்தது. நீலகிரிச் சபைகளிலும் முந்தைய தீர்மானங்களின் நிலையை முதலில் வாசிக்கச் சொல்லும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. அதைக் கேட்பவர்கள் பெருக வேண்டும். 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் வசம் போனதால், அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பும் அலுவலரிடமே வந்து சேர்ந்தது.