சீனித் தண்ணீரும் இரண்டு நிமிடமும்

பச்சிளங்குழந்தைக்கு ஊசி போடுகிறவரின் கை வேகத்தைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். குத்துவதற்கு முன் அந்தக் கை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்றுதான் நான் பார்ப்பேன்.

ஈப்போவில் பச்சிளங்குழந்தை வார்டிலேயே காலம் ஓட்டிய மிஸ்ஸி நான். இங்கே ஜி6பிடி, தைராய்டு சோதனைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தமே போதும். குதிகாலில் குத்துவது பெரும்பாலும் மஞ்சள் காமாலைக்காக. குத்தைவிடப் பிழிவதுதான் கொடுமை. பழகிய கை என்றால் ரத்தக்குழாயில் எடுப்பதே வலி குறைவு.

வலிக்காகக் குத்துவதற்கு முன் 24 விழுக்காடு சீனிக் கரைசல், நாக்கு நுனியில் சில சொட்டு, பிறகு இரண்டு நிமிடம் காத்திருப்பு. குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டால் பலனில்லை, நாக்குக்கு இனிக்க வேண்டும். சொட்டு விட்ட கையோடு குத்துகிறவர்கள் சடங்குக்குச் செய்கிறார்கள் என்பேன்.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பாட்டிமார்களிடம்தான் நான் மாட்டிக்கொள்வேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து ஜனம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனோ சீனியோ தடவும் சேனை வழக்கமும் கூடவே வந்தது. சேனை வேண்டாம், தாய்ப்பால் மட்டும் என்று காலையில் சொல்லிவிட்டு, மத்தியானம் நானே சீனித் தண்ணியோடு போய் நிற்பேன்.

"நாங்க வச்சா தப்பு, நீங்க வச்சா மருந்தா மிஸ்ஸி?"

"தேன்ல கிருமி இருக்கும் பாட்டி, ஒரு வயசு வரைக்கும் ஆகாது. இது சுத்தம் பண்ணின தண்ணி, ஊசிக்கு மட்டும் நாலு சொட்டு. பசிக்கு இல்ல."

பதில் சரிதான். ஆனாலும் இனிப்பு பிள்ளையை அடக்கும் என்பது அவர்களுக்கு எங்களுக்கு முன்பே தெரியும். 1980கள் வரை, பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாக உறைக்காது என்று நம்பி, தசையைத் தளர்த்தும் மருந்தும் லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தவர்கள் படித்த மருத்துவர்கள்தான். இந்தோரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜித் ஆனந்த், 1987-இல் குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையில் ஃபென்டனில் என்ற வலிநீக்கி மருந்தைச் சேர்த்துக் காட்டினார். உடம்பின் பதற்றச் சுரப்புகள் அடங்கின, பின்விளைவுகளும் குறைந்தன.

மலேசியச் சுகாதார அமைச்சு 2008-இல் வலியையும் நாடித்துடிப்புபோல ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதியச் சொன்னது. பத்துக்கு எத்தனை வலி என்று பிஞ்சு சொல்லுமா? புருவம் புடைக்கிறதா, கண் இறுகுகிறதா, மூக்கோரக் கோடு ஆழமாகிறதா என்று முகத்தில்தான் தேட வேண்டும். குறைமாதக் குழந்தை சத்தமே போடாமல் துவண்டுவிடும். அழவில்லை என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் எனக்குப் பயம் வரும்.

முகத்திலும் ஒரு சிக்கல். 2010-இல் லண்டனில் மூளை அலைகளைப் பதிந்து பார்த்தார்கள். சீனி முகத்தை அமைதியாக்கியது, மூளையில் எழும் வலியலை மட்டும் பெரிதாக மாறவில்லை. இதைப் படித்த பிறகு சீனியைத் தனியாக நம்புவதில்லை. தாய் பக்கத்தில் இருந்தால் மார்பில் போட்டு, பிள்ளை நன்றாகப் பற்றி இழுக்க ஆரம்பித்த பிறகே குத்துவேன். தாய் வேறு வார்டில் என்றால் துணியில் சுற்றி, கைகளை நெஞ்சோடு மடக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். இரவு வேலையில் அந்த இன்னொருவரைத் தேடுவதுதான் பெரும்பாடு.

கத்தி படும் இடத்தில் சீனி வெறும் துணை. ஆறாம் விரலை எடுக்க வருகிற குழந்தைக்கு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் கட்டாயம். எடைக்குக் கணக்குப் போட்டு, மெல்லிய ஊசியால், நிதானமாக. மேலே தடவும் எம்லா களிம்பு பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதிலுள்ள பிரிலோகெய்ன் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தையை நீலம்பாரிக்க வைக்கலாம். அந்தக் குறைபாடு இங்கே அபூர்வமல்ல, ஆகவே தொப்புள்கொடி ரத்தச் சோதனை முடிவைப் பார்க்காமல் களிம்பைத் தொட மாட்டேன்.

முன்பெல்லாம் ஆறாம் விரலில் நூல் கட்டி விட்டால் அது கறுத்து உதிர்ந்துவிடும். மருந்து வேண்டாம், செலவு இல்லை. உதிரும் வரை பிள்ளைக்கு வலி. சிலருக்கு உதிர்ந்த இடத்தில் எஞ்சும் முடிச்சில் நரம்பு நுனி திரண்டு, வளர்ந்த பிறகும் பட்டால் சுரீரென்கும். இன்றும் சிலர் நூலோடு வருகிறார்கள். நூலை வாங்கி வைத்துக்கொண்டு, குழந்தை அறுவை மருத்துவருக்குச் சீட்டு எழுதச் சொல்லி அனுப்பிவிடுவேன்.